சனிக்கிழமை வாசம்

காலை டீக்கு மணியடிக்க இன்னும் கொஞ்சம் இருந்தது. பதினோரு மணி ஆகப்போகிறது. கருத்தம்மாவின் போன் ஓவர்லாக் மெஷினின் பலகை மேல், நூல் கோனுக்கும் கத்தரிக்கும் நடுவே அதிர்ந்து அதிர்ந்து நகர்ந்து, கீழே விழப்போகிற விளிம்பில் வந்து நின்றது. வேலை நேரத்தில் போன் எடுக்கக் கூடாது என்பது அருள்புரத்து அந்தக் கம்பெனியில் சட்டம். சூப்பர்வைசர் அபிராமி அந்தச் சட்டத்தைத் தான் மட்டும் மீறிக்கொண்டு மற்றவர்களைத் திட்டுவாள். அன்றைக்கு அவளே வந்து, “எடுக்கா, எடு” என்றாள். தீர்ப்பு நாள் என்று லைனில் எல்லோருக்கும் தெரியும்.

“அக்கா, தீனதயாளன் பேசறேனுங்க. இப்பத்தான் கோர்ட்டுல இருந்து வெளிய வந்தேன். அப்பீல்ல தீர்ப்பு சொல்லிட்டாங்க.”

வேறு யாராக இருந்தாலும் எத்தனை வருஷம் என்று கேட்டிருப்பார்கள். விட்டுட்டாங்களா என்று கேட்டிருப்பார்கள். கருத்தம்மா அதைக் கேட்கவில்லை.

“தம்பி, அவன் குடிச்சிருந்தான்னு சொன்னாங்கள்ல, அது என்னாச்சு?”

அவள் தம்பி ஜெயபாண்டி செத்து நாலாவது வருஷம் நடந்துகொண்டிருந்தது. அவனை அடித்த வேனின் டிரைவர் குடித்திருந்தான். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. கருத்தம்மாவை அரித்துக்கொண்டிருந்தது வேறு.

*

கருத்தம்மா கமுதிப் பக்கத்துக்காரி. கருவேல மரத்தை வெட்டி, அடுக்கி, மண் பூசிக் கரிமூட்டம் போடுகிற குடும்பம். அப்பனும் ஆத்தாளும் புகைக்குள்ளேயே கிடக்க, தம்பி ஜெயபாண்டியை இடுப்பில் வைத்து வளர்த்தவள் அவள்தான். வீரணனுக்கு வாழ்க்கைப்பட்டுத் திருப்பூருக்கு வந்தபோது அவளுக்கு பஸ் ஏறக்கூடத் தெரியாது. முதலில் கைமடியாகச் சேர்ந்தாள். டைலருக்குப் பக்கத்தில் நின்று பீஸ்களை எடுத்துக் கொடுப்பதும், தைத்து விழுவதை மடித்து அடுக்குவதும்தான் கைமடி வேலை. டைலர் சாப்பிடப் போகிற நேரத்தில் மெஷினில் உட்கார்ந்து கழிவுத் துணியில் ஓட்டிப் பார்ப்பாள். விரலில் ஊசி ஏறியது. அதைத் துணியால் சுற்றிக்கொண்டு மறுபடி ஓட்டினாள். ஒரு தீபாவளிக்கு டைலர்கள் ஊருக்குப் போய்விட, ஏற்றுமதிக்குப் பெட்டி ஏற்ற வேண்டிய அவசரத்தில் அவளை உட்கார வைத்தார்கள். அதற்குப் பிறகு யாரும் அவளை எழுப்பவில்லை. டீ-சர்ட்டுக்குக் கை வைப்பது அவள் வேலை. வலது கை, இடது கை, நூல் வெட்டு, அடுத்த பீஸ்.

ஊசிக்கடியில் கொடுத்த பீஸை முடிக்காமல் எழுந்திருக்க மாட்டாள். அது அவளுடைய பழக்கம். சாப்பாட்டு மணி அடித்தாலும் அப்படித்தான். “கம்பெனி தீப்புடிச்சாலும் கருத்தம்மாக்கா ரெண்டாவது கையை வச்சுட்டுத்தான் ஓடும்” என்று லைனில் கேலி பேசுவார்கள். “ஒத்தக் கையோட விட்டுட்டு ஓடுனா ஒங்களுக்கு ராத்திரி தூக்கம் வருமாடி?” என்பாள்.

வீரணன் கெட்ட மனிதன் இல்லை. திங்கள் முதல் வெள்ளி வரை அவனைப் போல ஒரு புருஷன் கிடையாது. சனிக்கிழமை சம்பளக் கவர் கைக்கு வந்தால் ஞாயிறு சாயங்காலம்தான் ஆள் வீடு சேரும். ஒரு வருஷம் வயிறு வீங்கியது, அடுத்த வருஷம் கண் மஞ்சளானது, அதோடு அவன் கதை முடிந்தது. பிள்ளை குட்டி இல்லை. அதற்குள் ஜெயபாண்டி திருப்பூருக்கு வந்து ஒரு கம்பெனியில் அயர்ன் மாஸ்டர் ஆகியிருந்தான். அக்காளும் தம்பியும் லைன் வீட்டில் ஒரே அறையில் இருந்தார்கள். கேலியும் கிண்டலுமாகப் பேசுகிறவன், எங்கே போனாலும் அவனைச் சுற்றி நாலு பேர் இருப்பார்கள். அந்த நாலு பேரோடு அவனும் சனிக்கிழமைகளில் தாமதமாக வரத் தொடங்கியதைக் கருத்தம்மா பார்த்தாள். வீரணன் விஷயத்தில் அவள் அழுது பார்த்திருக்கிறாள், கத்தியும் பார்த்திருக்கிறாள், இரண்டும் பலிக்கவில்லை. தம்பி விஷயத்தில் ஒன்றும் பேசாமல் இருந்து, சித்திரைப் பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது நேராகக் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

பூசாரி மஞ்சள் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு, “எத்தன நாளைக்குப்பா கட்டணும்?” என்றார்.

“ஒரு மாசம் போதும் சாமி,” என்றான் ஜெயபாண்டி.

“ஒரு வருசம்,” என்றாள் கருத்தம்மா.

“யக்கா, துணிக்கடையில வெல பேசுற மாதிரியில்ல பேசுற. சரி, மூணு மாசம்.”

“அடுத்த சித்திரப் பொங்க வரைக்கும். கட்டுங்க சாமி.”

“அக்காவும் தம்பியும் முடிவு பண்ணிட்டு வாங்கப்பா, பின்னாடி ஆளு நிக்குது,” என்று சிரித்துக்கொண்டே பூசாரி அவன் வலது மணிக்கட்டில் மூன்று முடிச்சுப் போட்டார்.

அந்தப் பக்கத்தில் குடியை விட இப்படிக் கயிறு கட்டுவது வழக்கம். கையில் கயிறு இருக்கிறவரை தொடக் கூடாது. தொடத்தான் வேண்டுமென்றால் அதே கோயிலுக்கு வந்து அதே சாமி முன்னால் அவிழ்த்துவிட்டுப் போக வேண்டும். வழியிலேயே அறுத்தெறிந்துவிட்டுக் குடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். ஊரில் அவர்கள் பேச்சுக்கு மரியாதை இருக்காது.

ஜெயபாண்டி அறுக்கவில்லை. கூட்டாளிகள் அவனுக்குக் கயித்துக்காரர் என்று பேர் வைத்தார்கள். “கயித்துக்காரரு வந்துட்டாருப்பா, அவருக்கு மட்டும் பன்னீர் சோடா” என்று புரோட்டாக் கடையில் கத்துவார்கள். “ஒடைங்கடா, சோடாவுக்கெல்லாம் எங்க சாமி கோவிக்காது” என்று அவனும் கத்துவான். சனிக்கிழமைதோறும் அக்காளுக்குப் புரோட்டாப் பொட்டலம் வாங்கிக்கொண்டு எட்டு மணிக்குள் வீட்டுக்கு வந்தான்.

சித்திரை வருவதற்கு முன்னால், மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை, இருட்டிக்கொண்டு வருகிற நேரம். பஸ்ஸை விட்டு இறங்கி, தார் முடிந்து மண் தொடங்குகிற ஓரத்தில் பொட்டலத்தோடு நடந்து வந்துகொண்டிருந்தான். வேலையாட்களைக் கொண்டுபோய் இறக்கிவிட்டு, எங்கோ நிறுத்திக் குடித்துவிட்டு, காலி வேனோடு திரும்பி வந்த டிரைவர் தமிழ்செல்வன் வளைவில் வண்டியைத் திருப்பவில்லை. வேன் தாரை விட்டு இறங்கி ஜெயபாண்டியை அடித்து, முள்வேலியில் போய் நின்றது. பக்கத்துத் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த செங்கோட்டையன் என்ற பெரியவர்தான் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்து தூக்கினார். ஆம்புலன்ஸில் கூடவே போனதும் அவர்தான். ஆஸ்பத்திரியில் கொஞ்ச நேரம் உயிர் இருந்தது. கருத்தம்மா போய்ச் சேர்கிறவரை இருக்கவில்லை.

கம்பெனிக்கு ஆள் வந்து சொன்னபோது அவள் ஒன்றரை ஷிப்டில், சாயங்காலத்துக்கு மேலும் நீளும் வேலையில், உட்கார்ந்திருந்தாள். “அக்கா, ஜெயபாண்டிக்கு அடிபட்டுருச்சு, கெளம்பு.” தலையை ஆட்டினாள். ஊசிக்கடியில் இருந்த பீஸுக்கு இரண்டாவது கையை வைத்தாள். நூலை வெட்டினாள். மடித்து அடுக்கில் வைத்துவிட்டு எழுந்தாள். “கல்லு மாதிரி பொம்பளை” என்று யாரோ சொன்னது அவள் காதில் விழுந்தது. கையும் காலும் தன்னால் ஓடின, அவளுக்குத் தெரிந்து ஓடவில்லை. அதை யாரிடம் போய் விளக்குவது.

ஊருக்குக் கொண்டுபோய்க் குளிப்பாட்டும்போது பார்த்தாள். வலது மணிக்கட்டில் கயிறு இல்லை.

*

கீழ்க்கோர்ட் தமிழ்செல்வனுக்கு ஐந்து வருஷம் போட்டது. அவன் அப்பீல் செய்து ஜாமீனில் வெளியே வந்தான். இது எதிலும் கருத்தம்மா அதிகம் போய் நிற்கவில்லை. கூப்பிட்ட ஒரு நாள் சாட்சி சொன்னாள், அவ்வளவுதான். அப்பீல் வாதம் நடக்கிறது என்று தீனதயாளன் போன் செய்தபோதுதான் லீவு போட்டுவிட்டுப் போனாள். அவர் அரசு வக்கீலிடம் வேலை பழகுகிற இளவயது வக்கீல். தாராபுரத்துப் பக்கம். அவளை முதல் நாளிலிருந்தே அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

பின்வரிசைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். தமிழ்செல்வனின் வக்கீல் பாதி இங்கிலீஷிலும் பாதி தமிழிலுமாகப் பேசினார். தமிழில் பேசியது அவளுக்கு நன்றாகப் புரிந்தது. இறந்துபோனவரே அன்று மது அருந்தியிருந்தார், ஓரத்தில் போகாமல் தள்ளாடி ரோட்டுக்குள் வந்தார், தூக்கிய செங்கோட்டையனே சாட்சிக் கூண்டில் அதை ஒப்புக்கொண்டிருக்கிறார், எனவே தண்டனையை ரத்து செய்ய வேண்டும் என்றார்.

வராந்தாவுக்கு வந்ததும் தீனதயாளனைப் பிடித்துக்கொண்டாள். “அந்தப் பெரியவரு அப்படிச் சொன்னாரா தம்பி?”

“குறுக்கு விசாரணையில சொன்னதுங்க்கா. டிரைவர் மேல வாசம் வந்துச்சான்னு கேட்டாங்க, வந்துச்சுன்னாரு. செத்துப்போன பையன் மேல வந்துச்சான்னு கேட்டாங்க, அந்தப் பையன் மேலயும் குடிச்ச வாசம் அடிச்சதுங்கன்னுட்டாரு. பொய் சொல்ற ஆளில்லீங்க அவரு.”

“ரத்தம் எடுத்துப் பாத்திருப்பாங்கள்ல?”

“டிரைவருக்கு எடுத்தாங்க. உங்க தம்பிக்கு எடுக்கலீங்க. நீங்க அத விடுங்க்கா. வண்டி தாரை விட்டு எறங்கி மண்ணுல வந்து அடிச்சிருக்குது, டயர் தடம் இருக்குது. இவரு குடிச்சிருந்தாலும் குடிக்காட்டியும் தப்பு டிரைவர் மேலதான். சட்டத்துக்கு அது வேண்டாமுங்க.”

“எனக்கு வேணும் தம்பி.”

அவர் அவளைப் பார்த்தார். கேஸ் கட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு உள்ளே போனார்.

வெளியே டீக்கடையில் நின்றபோது ஒரு வயதான அம்மாள் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தாள். வெளுத்த நூல் சேலை, காதில் பழைய தோடு. தமிழ்செல்வனின் அம்மா ரங்காத்தாள்.

“ஏனுங்க அம்மிணி, ஒரு வார்த்தை பேசலாமுங்களா?”

கருத்தம்மா டீ டம்ளரைக் கீழே வைத்தாள்.

“எம்பையன் பண்ணினது தப்புத்தானுங்க. இல்லீன்னு நான் எங்கயும் சொன்னதில்லீங்க. இவனப் பெத்த வயித்துல எத்தன தரம் அடிச்சுக்கிட்டனோ. ஆனா ஊரே இவன் ஒருத்தனத்தான் குடிகாரன்னு காறித் துப்புதுங்க. உங்க பையனுந்தான் அன்னைக்கு... சனிக்கெழமை தானுங்களே.”

“என் தம்பி குடிக்கலைங்க.”

“யாரு கண்டா அம்மிணி?” என்றாள் ரங்காத்தாள். குத்திக் காட்டுகிற குரல் இல்லை அது. நிஜமாகவே கேட்டாள். வேப்பமரத்தடியில் முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்த தமிழ்செல்வன், திரும்பாமலே, “வாம்மா, போலாம். அவியகிட்ட என்ன பேச்சு உனக்கு” என்றான்.

கருத்தம்மாவுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. யாரு கண்டா என்ற அதே கேள்வி, இந்த அம்மாள் கேட்பதற்கு முன்பே, வராந்தாவிலிருந்து அவள் கூடவே வந்துகொண்டிருந்தது. திருப்பூரில் சனிக்கிழமை என்று சொன்னால் போதும், மேற்கொண்டு விளக்கம் வேண்டாம். கவர் வாங்கிய கை, வாசம் அடித்த உடம்பு. எல்லோரும் ஒரே கணக்குத்தான் போடுவார்கள். அவளும் அந்தக் கணக்கைத்தான் போட்டாள். கயிறு இல்லாத மணிக்கட்டும் அதோடு சேர்ந்துகொண்டது. வழியில் அறுத்துப் போட்டிருப்பானோ. கூட்டாளிகள் அன்றைக்குப் பார்த்து வற்புறுத்தியிருப்பார்களோ. அப்படியென்றால் எட்டு மணிக்குப் பொட்டலத்தோடு வந்து நின்ற சனிக்கிழமைகளில் எத்தனை நிஜம், எத்தனை நடிப்பு. செத்துப்போனவனோடு சண்டை போட முடியாது. நம்பவும் முடியாமல், நம்பாமலிருக்கவும் முடியாமல் அவள் மெஷினில் பீஸுக்குக் கை வைத்துக்கொண்டிருந்தாள். யாரிடமும் வாய் திறக்கவில்லை. பேச்சு வெளியே போனால் அது ஊராருக்கும் சந்தேகமாகிவிடும் என்று பயம்.

வாய் திறக்காததுதான் தப்பாகப் போயிற்று. பதில் தெரிந்தவள் அடுத்த அறையிலேயே இருந்தாள்.

*

நதியா அதே லைன் வீட்டில் குடியிருக்கிற பெண். விருதுநகர்ப் பக்கம். ஜெயபாண்டி வேலை பார்த்த கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறாள். ஒரு நாள் சாயங்காலம் வேலை முடிந்து வந்தவள், குடத்தோடு குழாயடிக்கு வந்தாள். பக்கத்தில் நின்ற கருத்தம்மாவுக்கு மூக்கில் ஏறியது.

“ஏத்தா, என்னடி வாசம் இது? எங்கிட்டுப் போயிட்டு வர்ற?”

“ம், ஒரு குவாட்டர் போட்டுட்டு வாரேன். நீ வேறக்கா! கறை எடுக்குற கன்னுல உக்கார வச்சுட்டாய்ங்க. லாட்டு பூராம் எண்ணெக் கறை. அந்த மருந்தப் பீச்சிப் பீச்சி என் சீலையெல்லாம் நாறுது. பஸ்ஸுல ஒரு அம்மா மூக்கப் பொத்திக்கிட்டு எந்திரிச்சுப் போகுது. பொம்பளைய இப்பிடிப் பாத்ததில்லன்னு ஒருத்தன் சிரிக்கிறான்.”

கருத்தம்மாவும் சிரித்தாள். கறை எடுக்கும் கன், அந்த மருந்து பீச்சும் துப்பாக்கி, எல்லாக் கம்பெனியிலும் உண்டு. அவள் தையல் லைனிலேயே காலம் தள்ளியவள். செக்கிங் பக்கம் போனதில்லை.

“குளிச்சாத்தான் போகும் சனியன்,” என்றாள் நதியா. “பாவம், ஜெயபாண்டியண்ணனும் அன்னைக்கு இதுலதான் கெடந்துச்சு.”

“என்னைக்கு?”

“அன்னைக்குத்தான்க்கா. கடைசி நாளு. கன்னு ஆளு லீவு. பெட்டி ஏத்தணும், கறை பீஸு மலையாட்டம் கெடக்கு. அயர்ன் மாஸ்டரப் புடிச்சு உக்கார வச்சுட்டாய்ங்க. ‘கயித்துக்காரன் மேல இந்த நாத்தம் அடிச்சா எங்க அக்கா வெளக்கமாத்தத் தூக்கும்டா, யாராச்சும் கூட வந்து சாட்சி சொல்லுங்கடா’ன்னு சிரிச்சுக்கிட்டே பீச்சுச்சு. ஒனக்குத் தெரியாதா?”

குடம் நிறைந்து தண்ணீர் வழிந்து இரண்டு பேர் காலையும் நனைத்தது.

“இத்தன நாளா ஏன்டி நீ சொல்லல?”

“இதுல சொல்றதுக்கு என்னக்கா இருக்கு? நீ கேக்கவே இல்லியே.”

கருத்தம்மா அப்போதும் முழுதாக மூச்சுவிடவில்லை. மருந்து வாசத்துக்கு அடியில் இன்னொரு வாசமும் இருந்திருக்கலாம். அன்று அவன் பக்கத்தில் குனிந்து மோந்தவர் ஒரே ஆள்தான். மறுநாள் நதியாவிடம் சொல்லி, அந்த மருந்தில் நனைத்த ஒரு கழிவுத் துணியை பிளாஸ்டிக் கவரில் போட்டு இறுகக் கட்டிக் கொண்டுவரச் செய்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை அதைக் கூடையில் வைத்துக்கொண்டு செங்கோட்டையனின் தோட்டத்துக்குப் போனாள். ரோட்டோரத்து முள்வேலியில் வேன் நுழைந்த இடத்தை மட்டும் புதுக் கம்பி போட்டு அடைத்திருந்தார்கள். அந்தப் பக்கம் பார்க்காமல் தாண்டினாள்.

செங்கோட்டையன் மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டிப் போட்டுக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார். முகம் சுருங்கியது.

“வாங்கம்மிணி. நீங்க ஒரு நாள் வருவீங்கன்னு தெரியும். கேட்டாங்க, சொன்னனுங்க. சத்தியம் பண்ணிட்டுப் பொய் சொல்லோணுமுங்களா?”

“உங்களத் திட்ட வரலைங்கய்யா. நீங்கதான் அவன் தலைய மடியில வச்சிருந்தீங்க. நான் அதுக்கே வந்து கும்பிட்டிருக்கணும்.”

கவரை எடுத்தாள். முடிச்சை அவிழ்க்க விரல் வரவில்லை. இதுவரை ஒரு பக்கம் நம்பிக்கை என்று ஏதோ இருந்தது. இவர் மோந்து பார்த்து, இது இல்லை என்று சொல்லிவிட்டால் அதுவும் இருக்காது. பேசாமல் கூடையை எடுத்துக்கொண்டு திரும்பிவிடலாமா என்றுகூட இருந்தது. பெரியவர் கையை நீட்டினார். கவரை அப்படியே அவர் கையில் கொடுத்துவிட்டு, மாட்டைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

முடிச்சு அவிழ்கிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தபோது அவர் தொட்டி விளிம்பில் உட்கார்ந்திருந்தார். துணி மடியில் கிடந்தது.

“இதுதான் கண்ணு,” என்றார். “இதேதான். இனிப்பா, தொண்டையில போயி அடைக்கற மாதிரி. டிரைவர் மேல அடிச்சது வேற, உங்க தம்பி மேல அடிச்சது வேற. அன்னைக்கே எனக்கு அது நெனப்புத் தட்டுச்சு, ஏதோ வேற சரக்குப் போலன்னு விட்டுட்டனுங்க. சனிக்கெழமையாச்சே, வேற என்ன இருக்கும்னு... என்ன மருந்துங்க இது?”

“பனியன்ல கறை எடுக்கறது.”

“எங்க போயி நான் இத மோந்திருக்கறேன். எனக்கு யூரியா வாசந்தான் தெரியும்.” முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். “அந்தப் பையன் கையில மஞ்சக் கயிறு வேற கட்டியிருந்தான். சாமி கும்பிடற பையனாட்டத் தெரியுது, இப்பிடிக் குடிச்சுப்போட்டு வந்திருக்கறானேன்னு நான் மனசுக்குள்ள வஞ்சேன் கண்ணு. உசுருக்குப் போராடறவனப் போயி.”

கருத்தம்மா அவர் பக்கம் ஓரெட்டு வந்தாள். “கயிறு இருந்துச்சா?”

“இருந்துச்சே. ஆஸ்பத்திரியில ஊசி குத்தறதுக்கு எடஞ்சலா இருக்குதுன்னு நர்சம்மா கத்தரியில வெட்டுச்சு. மூணு முடிச்சு, நல்லா எறுகியிருந்துச்சு. வெட்டவே வரலைன்னு சலிச்சுக்கிச்சு. ஏனுங்க, அது என்ன சாமிக் கயிறா?”

அவள் அங்கேயே மண்ணில் உட்கார்ந்து அழுதாள். பெரியவர் பதறிப்போய், “ஊட்டுக்குள்ளார வாங்க, ஒரு வாய் தண்ணி குடிங்க” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். தண்ணீர் வேண்டும் என்று தோன்றவில்லை. தம்பி செத்த பிறகு இத்தனை லேசாக அவள் அழுததில்லை.

*

செங்கோட்டையன்தான் விடவில்லை. “நான் கூண்டுல ஏறிச் சொன்னத நானே ஏறி எடுக்கோணும்” என்று மறுநாளே தீனதயாளனைத் தேடிப் போய்விட்டார். சாட்சியை மறுபடி விசாரிக்க மனு போட்டார்கள். எதிர்த்தரப்பு ஆட்சேபித்தது. நீதிபதி யோசித்துவிட்டு அனுமதித்தார். அந்தச் சனிக்கிழமை கன்னில் உட்கார்ந்தது யார் என்று நதியா வந்து சொன்னாள். கூண்டில் ஏறிய பதற்றத்தில் விளக்கமாற்றுப் பேச்சையும் சேர்த்தே சொல்லிவிட்டாள். நீதிபதி எழுதிக்கொண்டிருந்தவர் தலை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி எழுதினார். செங்கோட்டையன், மோந்தது உண்மை, அது சாராயம் என்று நினைத்தது தன் தப்பு என்றார். கயிற்றைப் பற்றியும் சொன்னார். யாரும் கேட்காமலே சொன்னார்.

அன்று வெளியே வரும்போது ரங்காத்தாள் படியில் உட்கார்ந்திருந்தாள். கருத்தம்மா தாண்டிப் போகும்போது, “நான் அன்னைக்குக் கேட்டது மனசுல வெச்சுக்காதீங்க அம்மிணி” என்றாள்.

“நீங்க கேக்காட்டி நான் தேடியிருக்க மாட்டேங்க,” என்றாள் கருத்தம்மா.

அதன் பிறகு தீர்ப்புக்கு நாள் தள்ளிக்கொண்டே போனது. உண்மை இன்னதென்று தெரிந்த பின்பும் அவளுக்குப் பொறுக்கவில்லை. கோர்ட்டுக் காகிதத்தில் ஒருத்தர் வாயால் குடிகாரன் என்று ஏறியது, நீதிபதி வாயால் இறங்கினால்தான் ஆயிற்று. கடைசியில் ஒரு வேலை நாளில், காலை டீக்கு முன்னால் போன் வந்தது.

“அது எடுத்தாச்சுங்க்கா,” என்றார் தீனதயாளன். பின்னால் கோர்ட் வாசலின் வண்டிச் சத்தம். “தெளிவா சொல்லியிருக்காங்க. இறந்தவர் மது அருந்தியிருந்தார் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை, ரோட்டோரத்தில் ஒழுங்காக நடந்து வந்தவர், அவர் மேல் எந்தத் தப்பும் இல்லைன்னு. ரெண்டு எடத்துல வருதுங்க. குத்தம் நிக்குது. தண்டனைய மட்டும் அஞ்சுல இருந்து மூணு வருஷமாக் கொறச்சுட்டாங்க. மொதல் குத்தம், ஓடிப்போகாம அங்கயே இருந்தான்னு. அதுல உங்களுக்கு வருத்தமிருந்தா மேல போலாமுங்க.”

“இல்ல தம்பி. போதும்.”

“நெஜமாத்தான் சொல்றீங்களாக்கா?”

“போதும் தம்பி. அந்தம்மா என்ன சொன்னாங்க?”

“கும்பிட்டுட்டுப் போனாங்க. அவனை இன்னைக்கே உள்ள கூட்டிட்டுப் போறாங்க. அக்கா... அழுவறீங்களா?”

“இல்லப்பா, சிரிக்கிறேன்” என்றாள். இரண்டும்தான் செய்துகொண்டிருந்தாள்.

எழுந்து நின்றாள். முன்வரிசையில் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. அபிராமி ஓடிவந்து கையைப் பிடித்தாள். “என்னக்கா, விட்டுட்டாங்களா அவன?”

“எந்தம்பி குடிக்கலடி,” என்றாள் கருத்தம்மா. “கடேசி வரைக்கும் குடிக்கல.”

“அது எங்களுக்குத் தெரியாதாக்கா,” என்றாள் அபிராமி, ஒன்றும் புரியாமல்.

டீ மணி அடித்தது. அதற்குள் கருத்தம்மா செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள். முதலில் நதியாவுக்குப் போன் போட்டாள். பிறகு செங்கோட்டையனுக்கு. பெரியவர் மோட்டார் சத்தத்தில் சரியாகக் கேட்காமல், “ஆமாங்க, ஆமாங்க, சொல்லுங்க” என்று கத்தினார். அவளும் ரோட்டில் நின்றபடி, போகிறவர் வருகிறவர் திரும்பிப் பார்க்க, தம்பி குடிக்கவில்லை என்ற அதே வார்த்தையைக் கத்திச் சொன்னாள். அப்படியே நடந்து புரோட்டாக் கடை வரைக்கும் போனாள். அந்த நேரத்தில் கல் சூடாகியிருக்கவில்லை. ஆகட்டும், இருக்கிறேன் என்று உட்கார்ந்துகொண்டாள். ஒரு பன்னீர் சோடா கேட்டாள்.

டீ முடிந்து லைன் மறுபடி ஓடத் தொடங்கியது. கருத்தம்மாவின் மெஷினில், வலது கை வைத்து முடித்து இடது கையில் பாதி தூரம் ஓடியிருந்த ஒரு பீஸ், ஊசி இறங்கினபடியே கிடந்தது.